ஆலங்குளத்துக்கு எதுக்குக் கண்ணாடி ரூம்?

போன மாசம் என் சித்தி மகன் ஜெர்மனியிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். ஆலங்குளத்தில் இருக்கிற அவங்க வீட்டுப் பின்பக்க முற்றம். இப்போ அது திறந்தவெளி. ஒரு துவைகல், மேற்கு ஓரத்தில் ஒரு வேப்பமரம், வத்தல் காயப்போடுற கயித்துக்கட்டில். படத்தில் இது எதுவும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கண்ணாடி ரூம் நிக்குது. மூணு பக்கச் சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. உள்ளே ஒரு ஊஞ்சல், ரெண்டு பிரம்பு நாற்காலி, வரிசையா தொட்டிச்செடி. கம்ப்யூட்டரில் வரைஞ்ச படம்தான், ஆனா அழகா இருந்துச்சு. கீழே ஒரு வரி: "அண்ணே, அம்மாவுக்காக. எப்படி இருக்குன்னு சொல்லுங்க. சரின்னா அடுத்த மாசம் அட்வான்ஸ் குடுத்துரலாம்."

இந்தப் பதிவு அவனுக்கு எழுத ஆரம்பிச்ச பதில். எழுத எழுத நீண்டுவிட்டது. இப்போ மதுரை, சிவகாசி, ராஜபாளையம்னு புது வீடு கட்டுற நிறையப் பேர் 'சன்ரூம்' கேட்கிறாங்க. பழைய வீடு வைத்திருப்பவர்கள் முற்றத்துக்கு மேல கண்ணாடியோ பாலிகார்பனேட் ஷீட்டோ போட்டு மூடுறாங்க. அதனால இதைப் பொதுவிலேயே வைக்கிறேன். நான் கட்டடக் கலைஞன் இல்லை. படிச்சதையும் பார்த்ததையும் குறித்து வைக்கிறவன், அவ்வளவுதான்.

ஆலங்குளம்னதும் தென்காசி மாவட்டத்து ஆலங்குளத்தை நினைக்க வேண்டாம். இது விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டைப் பக்கம். 1970-ல் சிமென்ட் ஆலை வந்த ஊர். சுத்திலும் கரிசல் காடு, தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை. சித்திரை வைகாசியில் இங்கே வெயில் எப்படி இருக்கும்னு இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி ஏன் இதைக் கேட்கிறான் என்பதையும் சொல்லிடறேன். ரெண்டு காரணம். ஒண்ணு, சித்திக்கு வைட்டமின் டி குறைவா இருக்கு, வெயில் படணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். இன்னொண்ணு, அவன் குடியிருக்கிற ஊரில் வசதியான வீடுகளில் இப்படி ஒரு கண்ணாடி அறை உண்டு. குளிர்காலத்தில் அங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறது அவனுக்குப் பெரிய சுகம். அந்தச் சுகத்தை அம்மாவுக்கும் கொடுக்கணும்னு நினைக்கிறான். நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் கட்டடத்தில்தான்.

பேரிலேயே இருக்கு குளிர்காலம்

ஜெர்மனியில் அந்த அறைக்குப் பேர் 'விண்டர்கார்ட்டன்'. அப்படின்னா குளிர்காலத் தோட்டம். விஷயம் பேரிலேயே இருக்கு. வெளியே பனி கொட்டும்போது உள்ளே செடி சாகாமல் இருக்க வந்த அறை அது.

ஐரோப்பாவில் பணக்காரர்கள் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைத் தொட்டியில் வளர்த்து, குளிர் வந்ததும் உள்ளே தள்ளிக்கொண்டு போய் வைக்கக் கட்டிய கூடங்களில் இருந்து இந்தக் கதை தொடங்குது. இங்கிலாந்தில் கண்ணாடிக்கு இருந்த வரியை 1845-ல் எடுத்தாங்க. ஜன்னலுக்கு இருந்த வரி 1851-ல் போச்சு. கண்ணாடி மலிவானது, இரும்புச் சட்டம் செய்யும் தொழிலும் தேறியது. லண்டன் கியூ தோட்டத்தில் 1844-ல் தொடங்கி 1848-ல் முடித்த பனை வீடு இன்னும் நிக்குது. வெப்ப நாடுகளிலிருந்து கொண்டுபோன பனை, தென்னை வகை மரங்கள் அங்கே உயிரோடு இருக்கணும். அதுக்கு நம்ம ஊர் வெக்கை வேணும். அந்த வெக்கையைச் செயற்கையா உண்டாக்கத்தான் அவ்வளவு பெரிய கண்ணாடிக் கூடு.

அதாவது கண்ணாடி அறைங்கிறது லண்டனுக்குள்ளே ஒரு ஆலங்குளத்தை உண்டாக்குகிற இயந்திரம். அந்த இயந்திரத்தை ஆலங்குளத்திலேயே கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? என் விமர்சனம் மொத்தமும் இந்த ஒரு கேள்விதான். மீதி எல்லாம் விளக்கம்.

இன்னொரு தகவல் இங்கே சேர்க்கணும். 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டன் கட்டிய கிரிஸ்டல் பேலஸ் உலகப் புகழ் பெற்ற கண்ணாடிக் கட்டடம். அந்தக் கூரையை அப்படியே வெயிலுக்கு விடலை. மேலே துணி விரிச்சாங்க, சுவரில் காத்துப் போக ஜன்னல்பட்டைகள் வைத்தாங்க. விரித்த துணி 'கேலிகோ'. நம்ம பக்கத்துக் கோழிக்கோட்டின் பேரிலிருந்து வந்த துணிப் பேர் அது. லண்டன் வெயிலுக்கே கண்ணாடிக்கு மேல பந்தல் தேவைப்பட்டிருக்கு!

பெங்களூரு லால்பாக்கில் 1889-ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை இருக்கேன்னு கேட்கலாம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அப்படி இருந்தும் அந்த மாளிகையின் பக்கங்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கு. அது மலர்க் கண்காட்சிக்கான பந்தல், வயசான அம்மா மத்தியானம் சாய்ந்து உட்கார்கிற அறை இல்லை.

சூரியன் எங்கே நிக்குது

ஆலங்குளம் ஏறக்குறைய 9.4 டிகிரி வட அட்சரேகையில் இருக்கு. இதனால வருஷத்துக்கு ரெண்டு நாள் சூரியன் சரியா நம்ம உச்சந்தலைக்கு மேல வரும். ஒண்ணு ஏப்ரல் 14 வாக்கில், அதாவது சித்திரை பிறக்கும்போது. இன்னொண்ணு ஆகஸ்ட் கடைசியில். சித்திரை ஒண்ணாம் தேதி மத்தியானம் 12.20 வாக்கில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டு வைத்துப் பாருங்க, நிழலே விழாது.

தம்பி இருக்கிற தெற்கு ஜெர்மனியில் டிசம்பர் கடைசியில் உச்சிப்பொழுதுக்கே சூரியன் அடிவானத்திலிருந்து 18 டிகிரிதான் ஏறும். தெற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் வழியா அந்தச் சாய்ந்த வெயில் ரூமின் கடைசி மூலை வரைக்கும் வரும். அதான் அங்கே அது சுகம். ஜூனில் அங்கே சூரியன் ஏறுகிற உச்சம் சுமார் 65 டிகிரி. நம்ம ஊரில் வருஷத்திலேயே தாழ்வான டிசம்பர் உச்சி வெயில் 57 டிகிரி. அவங்க கோடை உச்சமும் நம்ம மார்கழித் தாழ்வும் கிட்டத்தட்ட ஒண்ணு.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகுது. நம்ம வீட்டுக்கு வெயில் முக்கியமா வருவது சுவர் வழியா இல்லை, கூரை வழியா. சுவர்களில் பார்த்தால் மேற்கும் கிழக்கும். தம்பி படத்தில் கூரை முழுக்கக் கண்ணாடி, மேற்கும் கண்ணாடி. வெயில் வர வழி எதெல்லாமோ அதையெல்லாம் தேடித் தேடித் திறந்துவிட்ட மாதிரி இருக்கு.

கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடி என்றால் சுமார் 11 சதுர மீட்டர். தெளிந்த நாள் உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். குறைத்தே 900 என்று வைப்போம். சாதாரணத் தெளிந்த கண்ணாடி அதில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விடும். 11 பெருக்கல் 900 பெருக்கல் 0.8, கிட்டத்தட்ட 7,900 வாட். ஒரு டன் ஏசி என்பது சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும் சக்தி. ஆக, கூரை வழியா வர்ற வெயிலை மட்டும் சமாளிக்க ரெண்டேகால் டன் ஏசி வேணும். சுவர்க் கண்ணாடி, வெளிக்காத்தின் சூடு எல்லாம் தனி. சாதாரண பெட்ரூமுக்கு ஒண்ணு, ஒண்ணரை டன் போடுகிறோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. அந்த ஏசி மணிக்கு ரெண்டரை யூனிட் இழுக்கும். உச்சி வெயில் நாலு மணி நேரம் மட்டும் ஓட்டினாலும் ரெண்டு மாசக் கரண்ட் பில்லில் 600 யூனிட் கூடும்.

கண்ணாடிக்குள்ளே வெப்பம் ஏன் தங்குதுன்னு நம்ம பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு விளக்கம் உண்டு. ஒளி உள்ளே வரும், உள்ளே சூடான பொருள்கள் விடுகிற அகச்சிவப்பு வெளியே போகாதுன்னு. அது உண்மைதான், ஆனா பாதி உண்மை. 1909-ல் ஆர். டபிள்யூ. வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ரெண்டு பெட்டி செய்தார். ஒண்ணுக்குக் கண்ணாடி மூடி, இன்னொண்ணுக்குப் பாறை உப்பில் செய்த மூடி. பாறை உப்பு அகச்சிவப்பையும் வெளியே விடும். ஆனாலும் ரெண்டு பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே அளவு சூடாச்சு. முக்கியக் காரணம் சூடான காத்து மேலே ஏறித் தப்பிக்க முடியாமல் அடைபடுறதுதான்னு அவர் காட்டினார். கார் கண்ணாடியை ஏத்திவிட்டு வெயிலில் நிறுத்தியவங்களுக்கு இந்தப் பாடம் தெரியும்.

இவ்வளவும் பார்த்தால் அந்த ரூம் ஒரு வேலைக்கு அருமையா உதவும். மோர் மிளகாய், சுண்டவத்தல், கூழ்வடகம் எல்லாம் ஒரே நாளில் மொறுமொறுன்னு காஞ்சிரும். சூரிய உலர்த்திங்கிற பேரில் விவசாயத்துக்குப் பண்ணுறதும் இதே அமைப்புதான். சித்தி அதுக்குள்ளே உட்காரணும்னா மட்டும்தான் சிக்கல்.

வைட்டமின் டி கண்ணாடிக்குள் வராது

தம்பியின் முதல் காரணம் இதுதான் என்பதால கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன். தோலில் வைட்டமின் டி உண்டாகக் காரணம் வெயிலின் வெளிச்சமும் இல்லை, சூடும் இல்லை. புற ஊதாக் கதிரில் 'பி' வகை என்று ஒரு பகுதி இருக்கு, அதான். சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தப் பகுதியை ஏறக்குறைய முழுசாத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னாடி நாள் முழுக்க உட்கார்ந்தாலும் உடம்பு வேர்க்கும், வைட்டமின் டி ஊறாது.

ரொம்ப அதிகாலை இளவெயிலிலும் அந்தக் கதிர் மிகக் குறைவு. நம்ம நிழல் நம்ம உயரத்தை விடச் சின்னதாகிற நேரத்திலிருந்துதான் அது நல்லா வரும். ஆலங்குளத்தில் சித்திரை மாசம் காலை ஒன்பதேகால் வாக்கில் அந்த நேரம் வந்துவிடும். எவ்வளவு நேரம் உட்காரணும், மாத்திரை வேணுமா என்பதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியது. ஆனா இடம் எதுன்னு என்னால சொல்ல முடியும். இப்போ இருக்கிற திறந்த முற்றம்தான் அது. அம்மாவுக்கு வெயில் வேணும்னு, வெயில் கிடைக்கிற ஒரே இடத்தை மூடப் பார்க்கிறோம்.

பட்டாசு ஊரில் தலைக்கு மேல கண்ணாடி

இதை எந்த வீட்டு அலங்கார வீடியோவிலும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவங்க நம்ம ஊரில் இல்லை. வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால் சத்தம் பல கிலோமீட்டர் கேட்கும். பக்கத்து வீடுகளில் ஜன்னல் அதிரும். முதல் கவலை உள்ளே வேலை செய்த உயிர்களைப் பற்றியதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனா வெடிப்பின் அழுத்த அலை வெளியே இருக்கிறவங்களைக் காயப்படுத்துவது பெரும்பாலும் உடைஞ்ச கண்ணாடி மூலமா. 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் வெடிச்சது. சுமார் 1,500 பேர் சிகிச்சைக்குப் போனாங்க, பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி சிதறிப் பட்ட காயம்தான்.

'டஃபன்டு கிளாஸ் சார், யானை ஏறினாலும் உடையாது' என்று கடையில் சொல்லுவாங்க. டஃபன்டு கண்ணாடி உறுதியானது, உடைஞ்சாலும் சின்னச் சின்னத் துண்டாத்தான் கொட்டும் என்பதும் சரி. ஆனா அது மொத்தமா ஒரே நேரத்தில் கொட்டும். தயாரிப்பில் உள்ளே தங்கிப்போகும் நிக்கல் சல்ஃபைடு துகளால், யாரும் தொடாமலே ஒரு நாள் தானா உடைவதும் உண்டு. தலைக்கு மேல போடுவதென்றால் லேமினேட்டட் கண்ணாடிதான் போடணும். நடுவில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால விரிசல் விட்டாலும் அப்படியே ஒட்டிக்கொண்டு நிக்கும். கொட்டேஷனில் இந்த ஒரு வார்த்தை இருக்கான்னு தம்பியைப் பார்க்கச் சொன்னேன். இல்லை.

அப்புறம் எடை. கண்ணாடி ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் சதுர மீட்டருக்கு ரெண்டரை கிலோ. 12 மில்லிமீட்டர் போட்டால் இந்தக் கூரைக்கு 330 கிலோ, இரும்புச் சட்டம் தனி. ஆடிக்காத்தில் கரிசல் புழுதி அதுமேல படியும். வாரம் ஒருதரம் யார் ஏறிக் கழுவுவது, எந்தத் தண்ணியில் கழுவுவது?

விக்கிறவங்க சொல்லும் பதில்கள்

நியாயமா இருக்கணும்னா எதிர்த்தரப்பையும் கேட்கணும். வெப்பம் தடுக்கிற 'லோ-ஈ' பூச்சுள்ள ரெட்டைக் கண்ணாடி இருக்கு. நல்ல ரகம் வெயில் வெப்பத்தில் கால் பங்கு, முப்பது சதவீதத்தை மட்டும் உள்ளே விடும். உண்மையான முன்னேற்றம்தான். ஆனா நம்ம கணக்கில் முப்பது சதவீதமே சுமார் 3,000 வாட். பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூமுக்குள்ளே மூணு இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல் ஓடவிட்ட மாதிரி. உள்ளே திரைச்சீலை போடலாம் என்பாங்க. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பத்தைத் திரைச்சீலை பெரும்பாலும் உள்ளேயேதான் வைத்துக்கொள்ளும். மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருந்தால்தான் பலன். வெளியே மறைப்பு போட்டபிறகு மேலே கண்ணாடி எதுக்கு என்பது அடுத்த கேள்வி.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-ல் குடியிருப்புக் கட்டடங்களுக்காக 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று ஒரு விதிநூல் கொண்டுவந்தது. கூரை வழியா வெப்பம் கடக்கும் வேகத்துக்கு அதில் ஒரு வரம்பு இருக்கு. யூ-மதிப்பு 1.2-க்கு மேல போகக் கூடாது. ஒற்றைக் கண்ணாடியின் யூ-மதிப்பு சுமார் 5.7. வரம்பைப் போல நாலரை மடங்குக்கும் மேல. சின்ன மனையில் கட்டுற தனி வீட்டை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனா எது நல்ல கூரை என்பதற்கு ஒரு அளவுகோல் கையில் இருக்கும்போது நாம ஏன் கண்ணை மூடிக்கணும்?

அதே காலத்தில் ரெண்டு கட்டடம்

கண்ணாடிமேல உள்ள இந்த மோகம் நம்ம ஊர் 'எலிவேஷன்' ஆசை மட்டும் இல்லை. பெரிய மேதைகளும் இதில் மாட்டியிருக்காங்க. லெ கொர்புசியே 1933-ல் பாரிஸில் சால்வேஷன் ஆர்மிக்காக ஆதரவற்றோர் விடுதி ஒண்ணைக் கட்டினார். தெற்குப் பார்த்த முகப்பு முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. ரெட்டைக் கண்ணாடியும் குளிர்விக்கும் ஏற்பாடும் அவர் திட்டத்தில் இருந்தது, கட்டும்போது அது நடக்கலை. கோடையில் உள்ளே இருந்தவங்க வெந்துபோனாங்க. கடைசியில் ஜன்னல் திறக்க வேண்டி வந்தது. போருக்குப் பிறகு செப்பனிட்டபோது முகப்பில் வெயில் மறைப்புகள் வைத்தாங்க. பின்னாடி சண்டிகரில் அவர் கட்டிய கட்டடங்களில் ஆழமான வெயில் மறைப்புகளைத்தான் முதலில் பார்ப்போம்.

அதே 1930-களில் நம்ம பக்கத்துப் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக ஒரு விடுதி எழும்பியது. பேர் கோல்கொண்டா. டோக்கியோவில் தொழில் நடத்திய செக் நாட்டவர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சம்மரும் இங்கேயே தங்கிக் கட்டினாங்க. இந்தியாவின் ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒண்ணு அது. நீளமான ரெண்டு முகமும் வடக்கும் தெற்கும் பார்த்திருக்கும். ஜன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது. மேலிருந்து கீழ் வரை திருப்பக்கூடிய கிடைப்பட்டைகள். வெளிச்சம் வேணும்னா திருப்பலாம், சாரல் அடிச்சா சாத்தலாம். தட்டைக் கூரைக்கு மேல இடைவெளி விட்டு வளைந்த கான்கிரீட் ஓடுகள். வெயில் ஓட்டில் விழும், நடுவில் காத்து ஓடும்.

நவீனம்னா கண்ணாடின்னு நினைக்கிறவங்களுக்கு நான் சொல்லுற பதில் இந்தக் கட்டடம்தான். அதைக் கட்டியவங்க பழமைவாதிகள் இல்லை. அந்தக் காலத்தின் ஆகப் புதிய பொருளை, புதிய உத்தியை எடுத்தவங்க. ஆனா ஊரின் வெயிலைப் பார்த்துட்டுப் பிறகு வரைஞ்சாங்க. நம்ம கொத்தனார் பேச்சில் நூறு வருஷமா புழங்குற வார்த்தை 'சன்ஷேட்'. ஜன்னலுக்கு மேல சன்ஷேட் வைக்காமல் எந்தக் கொத்தனாரும் விட மாட்டார். 'சன்ரூம்' அந்த அகராதிக்கு நேர் எதிர்ச் சொல்.

கண்ணாடி ஓடு

இதைப் படிச்சிட்டு, 'பழைய காலத்து வீடு எல்லாம் குளுகுளுன்னு இருந்துச்சு'ன்னு நான் பாட்டுப் பாடப் போறேன்னு நினைக்க வேண்டாம். சித்தி பிறந்த ஓட்டு வீடு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அடுப்படி இருட்டு. சுவரெல்லாம் கரி. பெரிய முற்றமும் தாழ்வாரமும் செட்டிநாட்டிலும் காசுள்ள வீட்டிலும்தான். எங்களுக்கு ஒரு பத்தி, ஒரு அறை. வெளிச்சத்துக்கு ஆசைப்படுறது இருட்டு வீட்டிலிருந்து வந்தவங்களுக்கு நியாயமான ஆசை. தம்பியின் ஆசையும் அங்கிருந்துதான் வருது என்பது என் ஊகம்.

கண்ணாடியும் நமக்கு அந்நியமில்லை. பக்கத்து வெம்பக்கோட்டையில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் கண்ணாடி மணிகள் ஏராளமாக் கிடைச்சிருக்கு. கேள்வி கண்ணாடி வேணுமா வேண்டாமா என்பதில்லை. எவ்வளவு, எங்கே?

அந்த இருட்டு அடுப்படியிலும் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. மங்களூர் ஓட்டுக்கு நடுவில் ஒரே ஒரு ஓடு கண்ணாடியில். அது வழியா விழுகிற வெளிச்சத்தூணில் புகை நெளிஞ்சு போறதைப் பார்த்துக்கிட்டே நாங்க சாப்பிட்டிருக்கோம். சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு வரும். நூறு சதுர அடி அறைக்கு 140 ஓடு. அதில் ரெண்டு கண்ணாடி ஓடு போட்டாலும் கூரையில் ஒண்ணரை சதவீதம்தான். அது போதும். மத்தியான வெயில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் தரும், புத்தகம் படிக்க 300 லக்ஸ் போதுமானது. நம்ம ஊரில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, அதை வடிகட்டித்தான் எடுத்துக்கணும். அந்த ஒத்தை ஓட்டை வைத்தவருக்கு இந்தக் கணக்கு எல்லாம் தெரியாது, ஆனா அளவு தெரிஞ்சிருந்தது.

சித்தி சொன்னது

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். படத்தைச் சித்திகிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஏய்யா, வேப்பமரத்தை எங்க காணோம்?"னு கேட்டாங்க. இலை கண்ணாடி மேல விழும், வேர் அஸ்திவாரத்துக்கு வரும், அதனால எடுத்துரணும்னு இன்ஜினியர் சொல்லியிருக்கார்னேன். சித்தி சொன்னதை அப்படியே எழுதறேன்: "சின்ன வயசுல காட்டு வேலை. பெறகு தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்குனேன். வெக்கையிலயே பொழுது போச்சு. இப்பத்தான் இந்த மரத்தடியில சித்த உக்காருதேன். அதையும் மூடிப்புட்டு உள்ள உக்காரச் சொல்லுதானா? நான் சொன்னேன்னு சொல்லாத. புள்ள மனசு சங்கடப்படும்."

சொல்லாதேன்னாங்க. நான் எழுதிட்டேன். தம்பி இதைப் படிப்பான், அதுக்காகத்தான் எழுதினேன்.

தம்பி, உன் காசுக்கு வேற வேலை இருக்கு. வேப்பமரம் மேற்கு வெயிலை மறைக்குது, அதை விட்டுரு. முற்றத்தில் பாதி அப்படியே திறந்திருக்கட்டும். காலையில் ஒன்பது, பத்து மணிக்கு அம்மா அங்கே உட்காரட்டும், டாக்டர் கேட்ட வெயில் தானா கிடைக்கும். மீதிப் பாதிக்கு, வீட்டை ஒட்டி, ஓடு போட்ட ஒரு தாழ்வாரம் இறக்கு. அதில் ரெண்டு கண்ணாடி ஓடு வை. உன் ஊஞ்சலை அங்கே மாட்டு. ஐப்பசி மழை பெய்யும்போது நனையாமல் பார்க்கலாம், மண்வாசமும் வரும், கண்ணாடிக்குப் பின்னாடி அது வராது. முழங்கால் வலிக்கிறவங்களுக்குப் பின்வாசல் படி ரெண்டும் உயரம், அதுக்கு ஒரு கைப்பிடி போடு. கண்ணாடி ஆசை தீரலைன்னா வடக்குச் சுவரில், சன்ஷேடுக்குக் கீழே, திறக்கிற மாதிரி ஒரு பெரிய ஜன்னல் வைத்துக்கோ. கண்ணாடி ரூமே கட்டியாகணும்னா கொடைக்கானலில் ஒரு வீடு வாங்கும்போது கட்டு, நானும் வந்து காபி குடிக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை இருக்கு, பைசா செலவில்லை. சித்திரையில் லீவுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கே. வந்ததும் பன்னிரண்டரை மணிக்கு முற்றத்தில் மரநிழல் படாத இடமாப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு அரை மணி நேரம் உட்கார். அங்கே காத்தாவது அடிக்கும், கண்ணாடி ரூமில் அதுவும் இருக்காது. அரை மணி நேரம் உட்கார முடிஞ்சா அட்வான்ஸைக் குடு. அதுவரைக்கும் குடுக்காதே.